ராணுவ வீரர் மைமுக்கு எந்த பிஜிஎம்? வடசென்னைப் பள்ளி விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும், ஆண்டு விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், திருவொற்றியூர் வட்டாரங்களில் பேண்டு வாசிப்பவர்களும் மைக் செட் போடுபவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. சுதந்திர தினம், குடியரசு தினம், ஆண்டு விழா எது வந்தாலும் ராணுவ வீரர் மைம், அதாவது பேச்சில்லாத ஊமை நாடகம், ஒன்று கட்டாயம் இருக்கிறது. பிள்ளைகள் முகத்தில் வெள்ளை பூசி, கையுறை மாட்டி, மரத்துப்பாக்கி பிடித்து, எல்லையில் விழுந்து, கொடி போர்த்திக்கொள்கிறார்கள். இருபது நாள் ஒத்திகை பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஏழெட்டு நிமிடத்துக்கான பிஜிஎம் பெரும்பாலும் கடைசி நேரத்தில் யாராவது ஒருவருடைய போனில் தேடி எடுக்கப்படுகிறது. 'வார் பிஜிஎம்', 'சேட் பிஜிஎம்', 'ஆர்மி என்ட்ரி' என்று தட்டினால் முதலில் வரும் நாலைந்து துண்டுகளே எல்லாப் பள்ளி மைதானங்களிலும் ஒலிக்கின்றன.

நம் பகுதியில் எந்த அடி எந்த வீட்டுக்கு என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. கல்யாண ஊர்வலத்து அடியைச் சாவு வீட்டு வாசலில் அடித்தால் பேண்டுக்காரரைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்பார்கள். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒலிப்பதைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டு அருகருகே வைத்துப் பேசுகிறது. இரண்டு ஓசைக்கும் வித்தியாசம் தெரிந்த சனத்துக்குத்தான் அந்தப் பாட்டு சுடும். அதே கவனத்தைப் போர்ப்பட இசையிலும் வையுங்கள் என்று கேட்கிறோம். ஒரு மெட்டை வீரனின் சாவுக்குப் போடுமுன் அது எதற்காகப் பிறந்தது, எந்தக் காட்சியால் பேர் பெற்றது என்று பாருங்கள். சில மெட்டுகள் அருமையாகப் பொருந்தும். சில, பள்ளி மைதானத்தில் ஒலிக்கவே கூடாதவை.

உடனே நிறுத்தவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறோம். வீரர்கள் மேடைக்குள் ஓடிவரும்போது பித்தளை வாத்தியங்கள் படிப்படியாக மேலேறிப் பாயும் ஓர் இசை வருமே, அது ரிச்சர்ட் வாக்னர் எழுதிய 'டீ வால்க்யூர' என்ற ஜெர்மன் இசைநாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் தொடக்கம். 1870 ஜூன் 26 அன்று மியூனிக்கில் அரங்கேறியது. வால்கிரிகள் என்பவர்கள் வடபுலத்துப் புராணத்தில் வரும் குதிரையேறிய தேவதைகள். களத்தில் மாண்டவர்களில் சிறந்தவர்களைத் தூக்கிப்போவது அவர்கள் வேலை. இதுவரைக்கும் குற்றமில்லை. ஆனால் திரையில் அந்த இசைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற மௌனப் படத்துக்கு அரங்கில் வாசிக்கத் தொகுத்த இசையில், கறுப்பின மக்களைக் கொன்று திரிந்த கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் குதிரையில் 'காப்பாற்ற' வரும் இடத்துக்கு இதைத்தான் வைத்தார்கள். 1979இல் 'அபோகலிப்ஸ் நௌ' படத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஒரு வியட்நாம் கிராமத்தைத் தாக்கப் போகின்றன. கிராமத்தாரை மிரட்டுவதற்காக ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி, படைத்தலைவரே இந்த இசையைப் போடச் சொல்கிறார். இசை ஏறிக்கொண்டிருக்கும்போது காட்சி சட்டென்று தரைக்கு வருகிறது. ஓசையில்லாத ஒரு பள்ளி முற்றம், பிள்ளைகள், அவர்களை அவசர அவசரமாக வெளியேற்றும் பெரியவர்கள். அதற்குப் பிறகுதான் குண்டு விழுகிறது. இயக்குநர் கப்போலா அந்தப் படையின் மமதையைக் காட்ட வைத்த இசை அது. ஒரு பள்ளியைத் தாக்கப் போகும் இசையை இன்னொரு பள்ளியின் மைதானத்தில் நம் ஜவான்கள் நுழையும்போது போடுகிறோம்.

ஒத்திகையிலும் அது கைகொடுக்காது. அதன் தாளம் மூன்று எண்ணிக்கை, ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் திஸ்ரம், அதாவது மும்மூன்று துண்டு. மனிதருக்குக் கால் இரண்டு. முதல் ஆவர்த்தனத்தில் இடதுகாலில் விழும் அழுத்தம் அடுத்ததில் வலதுகாலுக்குப் போய்விடும். பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பயிற்சிக் குறைவு காரணமில்லை.

நுழைவுக்கு என்ன போடலாம் என்றால், 'கதம் கதம் படாயே ஜா' இருக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தின் நடைப்பாட்டு; இசை கேப்டன் ராம் சிங் தாகூரி. அந்தப் படையிலும் ஜான்சி ராணி படைப்பிரிவிலும் மலேயாத் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள், ஆகவே நம் பிள்ளைகளுக்கு அது அந்நியப் பாட்டு ஆகாது. 'ஸாரே ஜஹான் ஸே அச்சா' எல்லா பேண்டு செட்டுக்கும் மனப்பாடம். அதுவும் வேண்டாம் என்றால் சைடு டிரம் உருட்டல் எட்டு ஆவர்த்தனம் மட்டும் போதும். நிமிடத்துக்கு 120 அடி, பெரிய டிரம்மின் அழுத்தம் இடதுகாலில். நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 120 ஓட்டமாகிவிடும்; 108க்கும் 112க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் வரிசை கலையாது.

அடுத்தது பியூகிள். வீரர் விழுந்ததும் ஒற்றை ஊதுகுழலில் ஒரு மெட்டு போடுகிறீர்கள். பத்தில் எட்டுத் தடவை அது 'டாப்ஸ்'. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது டேனியல் பட்டர்ஃபீல்டு என்ற தளபதி திருத்தியமைத்த, 24 ஸ்வரம் கொண்ட அழைப்பு அது. 'ஃப்ரம் ஹியர் டு இடர்னிட்டி' தொடங்கி எத்தனையோ ஹாலிவுட் படங்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அமெரிக்கச் சிப்பாயின் சவ அடக்கத்துக்கு உரியது. இந்திய ராணுவம் வாசிப்பது 'லாஸ்ட் போஸ்ட்'. அதன் பிறகு இரண்டு நிமிட மௌனம், பிறகு எழுப்பும் அழைப்பான 'ரவுஸ்'. மூவர்ணக் கொடி போர்த்திய பிள்ளைமேல் அமெரிக்க அழைப்பை ஒலிக்கவிடுவது, பார்வையாளர் வரிசையில் முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் இருந்தாலும் அவரைச் சங்கடப்படுத்தும்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். டாப்ஸில் கீழ் ப, ச, க, ப என்று நான்கே ஸ்தானங்கள், முழுக்க நிதானமாக நகரும். லாஸ்ட் போஸ்ட்டில் கீழ் ச முதல் மேல் ப வரை ச, ப, ச, க, ப என்று ஐந்து ஸ்தானங்கள்; நீண்ட ஸ்வரங்களுக்கு நடுவே வேகமான துள்ளல்கள் வரும். பியூகிளில் வால்வு இல்லை. உதட்டின் இறுக்கத்தால் மட்டுமே ஸ்வரம் மாறும். ஆகவே பேண்டு செட்டில் இருக்கும் ட்ரம்பெட்காரர் மூன்று வால்வையும் தொடாமல் அப்படியே லாஸ்ட் போஸ்ட்டை வாசிக்கமுடியும். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காலை ஏழரைக்குக் குழாய் ஆறியிருக்கும், சுருதி தாழும். நிகழ்ச்சிக்கு முன் பத்து நிமிடம் மெல்ல ஊதிச் சூடாக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த மேல் ப உடையும். போனில் போடுவதைவிட ஒரு ஆளை நிறுத்தி வாசிக்கவைப்பது எவ்வளவோ மேல். மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம், மொட்டை மாடியில் நிறுத்துங்கள், மைக்கும் வேண்டாம்.

இனி, பள்ளிகளில் மிக அதிகமாக ஒலிக்கும் மெட்டு. சீழ்க்கையில் வரும் அந்த நடை. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற 1957ஆம் ஆண்டுப் படத்தின் இசை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். மெட்டுக்கு வயது அதைவிட 43 கூடுதல். 'கர்னல் போகி' என்ற பேரில் 1914இல் எழுதியவர் எஃப். ஜே. ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ பேண்டு மாஸ்டர். பணியில் இருப்பவர்கள் வெளியில் இசை வியாபாரம் செய்வதை ராணுவம் விரும்பாத காலம். அதனால் கென்னத் ஆல்ஃபர்டு என்ற புனைபெயரில் வெளியிட்டார். கோல்ஃப் மைதானத்தில் ஓர் அதிகாரி, பந்து வருகிறது ஒதுங்கு என்று கத்துவதற்குப் பதிலாக இரண்டு ஸ்வரம் சீழ்க்கையடிப்பாராம். அந்த இரண்டிலிருந்துதான் மெட்டு பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வாசித்துப் பாருங்கள், மெட்டு 'ப க' என்று அந்த இரண்டோடுதான் தொடங்கும். ஆக, பிறப்பில் இது விளையாட்டுத்திடல் மெட்டு.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதற்கு ஹிட்லரைக் கேலி செய்யும் ஆபாச வரிகளைக் கட்டிப் பாடினார்கள். படத்தில் கைதிகள் முகாமுக்குள் நடந்துவரும்போது அந்த வரிகளைத் திரையில் பாடவைக்க வழியில்லை. சீழ்க்கை போதும் என்று இயக்குநர் டேவிட் லீன் வைத்தார். பிரிட்டிஷ் ரசிகர்கள் வரிகளைத் தாங்களே மனதில் நிரப்பிக்கொண்டார்கள். இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்டு அந்தச் சீழ்க்கையின்மேல் இன்னொரு நடைமெட்டைப் பின்னி, முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்த்தார். படத்தின் இசைக்கு ஆஸ்கார் கிடைத்தது. படம் பிடித்தது பக்கத்திலேதான், இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின்மேல் பாலம் கட்டி.

நாங்கள் இந்த மெட்டில் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் பாலம் இல்லை, அது சேரும் பாதை. 1942க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் ஜப்பானிய ராணுவம் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. 60,000க்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், 12,000க்கும் மேல் செத்தார்கள். அவர்களைவிடப் பலமடங்கு ஆசியத் தொழிலாளிகள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் மிகப் பெரிய கூட்டம். மதராஸிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன; தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படி இல்லை. அந்தப் படத்தின் கதையிலும் அவர்கள் இல்லை. நம்மவர்கள் அதைச் 'சயாம் மரண ரயில்' என்கிறார்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் வருகைப்பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பிள்ளைகள் நடக்கும் மெட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு பாதை உண்டென்று ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் தீர்ப்பு இது. விளையாட்டு விழா அணிவகுப்புக்கு கர்னல் போகி தாராளமாகப் போடலாம், அது பிறந்த இடமே விளையாட்டுத்திடல். வீரமரணக் காட்சிக்குப் போடாதீர்கள். சயாம் ரயிலைப் பற்றி நாடகம் போட்டால் கட்டாயம் போடாதீர்கள். போடுவதென்றாலும் படத்தின் சீழ்க்கைப் பதிவு நடைக்கு உதவாது. ஆரம்பத்தில் டிரம் இல்லை, பின்வரிசைக்குத் தாளம் கேட்காது, நாற்பது அடிக்குள் வரிசை உடையும். பேண்டு வாசிப்பே சரி. அதிலும் ரிக்கெட்ஸின் மூல மெட்டை வாசியுங்கள். அவர் 1945இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு காப்புரிமை, ஆக 2005 முடிவோடு மூல மெட்டு பொதுச்சொத்து. ஆர்னால்டு பின்னிய எதிர்மெட்டு அப்படி இல்லை. அவர் 2006இல் இறந்தார், 2066 முடியும்வரை உரிமை உண்டு.

காப்புரிமை பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறோம். பள்ளி நடவடிக்கையாக ஆசிரியரும் மாணவரும் நிகழ்த்த, பார்வையாளர்கள் மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற அளவில் இருந்தால் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. மைதானத்தில் ஒலிப்பதற்குப் பயமில்லை. அதே நிகழ்ச்சியை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றும்போது அந்த விலக்கு கூடவே வருவதில்லை. உரிமைக்காரரின் பதிவு அடையாளம் காணப்பட்டால் ஒலி அணைக்கப்படும், பிள்ளைகளின் உழைப்பு ஊமைப்படமாக நிற்கும். வீடியோ போடுவதாக இருந்தால் பொதுச்சொத்தான மெட்டை நேரடியாக வாசித்துப் பதிவு செய்வதே வழி.

அடுத்து, கண்ணீர் வரவழைக்க நீங்கள் போடும் அந்த நீளமான வயலின் இசை. சாமுவேல் பார்பர் என்ற அமெரிக்கர் 1936இல் எழுதிய நாற்கருவி இசையின் நடுப்பகுதி. பிறகு அவரே அதைப் பெரிய தந்திக்குழுவுக்கு 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' என்ற பேரில் விரித்தார். 1938 நவம்பர் 5 அன்று இசைக்குழு நடத்துநர் டோஸ்கனீனி நியூயார்க் வானொலியில் முதலில் நடத்தினார். எழுதியபோது போரோடு சம்பந்தமே இல்லை. 1945இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் ஒலித்து, துக்க இசை என்ற பேர் அங்கே விழுந்தது. 1986இல் 'பிளாட்டூன்' படம் அதை வியட்நாம் காட்டுக்குள் கொண்டுபோன பிறகு போர்ப்பட இசையாகவே ஆகிவிட்டது. துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசை குறைவு. போடுங்கள். ஆனால் போடும் விதத்தில்தான் ஒவ்வொரு வருஷமும் கெடுகிறது.

ஏன் கெடுகிறது என்று விவரமாகச் சொல்கிறோம். அந்த இசை எட்டு நிமிடம் போல ஓடும். தொடக்கம் மெல்லிய ஒற்றை இழை. மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் எல்லா வாத்தியமும் உச்சத்தில் சேர்ந்து கத்தும், பிறகு சட்டென்று முழு மௌனம், பிறகு மறுபடி தணிந்து வரும். மைதானத்து ஹார்ன் ஒலிபெருக்கிக்கு 300 ஹெர்ட்சுக்குக் கீழே அனேகமாக ஒன்றும் வராது. செல்லோவும் டபுள் பேஸும் காணாமல் போகும். தொடக்கம் கேட்கவில்லையே என்று ஆப்பரேட்டர் ஒலியைத் தூக்கி வைப்பார், உச்சம் வரும்போது ஆம்பிளிஃபயர் நொறுங்கும். உச்சத்துக்குப் பின் வரும் மௌனத்தில் 'பாட்டு முடிந்துவிட்டது' என்று அடுத்ததைத் தட்டிவிடுவார். கீழே விழுந்து கிடக்கும் பிள்ளையின்மேல் குத்துப்பாட்டு வந்து விழும். ஆகவே, 15 அங்குல பாக்ஸ் ஸ்பீக்கர் குறைந்தது இரண்டு மேடைப் பக்கம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முழு எட்டு நிமிடமும் வேண்டாம். உச்சத்துக்கு ஒன்றரை நிமிடம் முன்னால் மெல்ல ஏற்றி, மௌனத்தோடு முடியும்படி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உச்சத்தில் விழக்கூடாது. அந்த மௌனத்தில் விழவேண்டும்.

இன்னொரு கோளாறு எல்லா மேடையிலும் நடக்கிறது. போனின் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னை, பெரிய ஸ்டீரியோ ஜாக்காக மாற்றி மிக்சரின் பேலன்ஸ்டு மைக் இன்புட்டில் நேராகச் செருகிவிடுகிறார்கள். அந்த இன்புட் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு சேனலிலும் பொதுவாக இருப்பது, அதாவது நடுவில் பதிவான பியூகிள், பாடுபவர் குரல், டிரம் எல்லாம் அப்படியே மறைந்துவிடும். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலி மட்டும் மிஞ்சும். சிலர் போன் செட்டிங்கில் மோனோ வைத்தால் சரியாகும் என்று வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டால் கழித்ததும் மிச்சம் ஒன்றுமே இல்லை, மைதானம் மொத்தமாக அமைதியாகிவிடும். இதற்கு வேண்டியது ஒரு ஒய் கேபிள் மட்டும்: ஒரு முனையில் 3.5 ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக். இரண்டையும் இரண்டு லைன் இன்புட்டில் செருகி, ஒலியை இடம் வலமாகத் தள்ளும் பேன் திருகு இரண்டையும் நடுவில் வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பாட்டு போனிலேயே சேமிக்கப்பட்டிருக்கவேண்டும். இணையத்திலிருந்து ஓடவிட்டால் லாஸ்ட் போஸ்ட்டுக்கும் மௌனத்துக்கும் நடுவே விளம்பரம் வரும்.

பேண்டு வைத்திருக்கும் பள்ளிகளுக்கு ஒரு யோசனை. 'டன்கர்க்' படத்தின் முடிவில், கரையேறிய சிப்பாய்கள் ரயிலில் போகும்போது ஒலிக்கும் இசையைக் கேட்டிருப்பீர்கள். ஹான்ஸ் சிம்மர் குழுவினர் அதை ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கர் 1899இல் எழுதிய 'எனிக்மா' தொடரின் 'நிம்ராட்' பகுதியை இழுத்து நீட்டிச் செய்தார்கள். மூல இசை போரைப் பற்றியது இல்லை. சோர்ந்துபோன எல்கருக்குத் தைரியம் சொன்ன ஆகஸ்ட் யேகர் என்ற நண்பருக்காக எழுதியது. லண்டனில் போர் நினைவு நாளில் ஆண்டுதோறும் வாசித்து வாசித்து அஞ்சலி இசையாகிவிட்டது. எல்கர் 1934இல் இறந்தவர், எந்த உரிமைத் தொல்லையும் இல்லை. பேண்டுக்கு இது சொல்லிவைத்த மாதிரி அமையும்: மூலச் சுருதி ஈ ஃப்ளாட், அதனால் பி ஃப்ளாட் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் எஃப் மேஜரில் ஒரே ஒரு ஃப்ளாட்டோடு வாசிக்கலாம், ஆல்ட்டோ சாக்ஸுக்கு வெறும் சி மேஜர். மூன்று எண்ணிக்கைத் தாளம், நிமிடத்துக்கு 52. மெட்டைக் கிளாரினெட்டுக்குக் கொடுங்கள், ட்ரம்பெட் கடைசி ஏற்றம் வரை வாயை மூடியிருக்கட்டும். யூபோனியம் இரண்டு இருந்தால் அடித்தளம் நிற்கும். தவறு எங்கே வரும் என்றால், பேண்டு பிள்ளைகள் பழக்கதோஷத்தில் நடைவேகத்துக்கு ஓடிவிடுவார்கள். பெரிய டிரம்மை ஒத்திகையில் முழுக்க எடுத்துவிட்டால் வேகம் அடங்கும்.

பித்தளையே வேண்டாம், எல்லோரும் சேர்ந்து பாடட்டும் என்றால் ராயபுரம் பக்கத்து பேண்டுகள் கிறிஸ்தவ அடக்க ஊர்வலங்களில் வாசிக்கும் 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அபைட் வித் மீ'. மெட்டு வில்லியம் மங்க் 1861இல் எழுதியது. 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' படத்தின் கடைசியில் கைவிடப்பட்ட காயம்பட்ட சிப்பாய்கள் பாடுவது அதையே. டெல்லியில் குடியரசு தின விழாவை முடித்துவைக்கும் பீட்டிங் ரிட்ரீட்டில் பல்லாண்டு வாசித்து 2022இல் எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் அந்த ஆண்டு 'ஏ மேரே வதன் கே லோகோ' ஒலித்தது. அந்தப் பாட்டும் எந்தப் படத்துக்கும் எழுதப்பட்டதில்லை. சீனப் போரில் இறந்தவர்களுக்காகக் கவி பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்து, 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில் லதா மங்கேஷ்கர் பாடியது. தமிழில் அதே போரை வைத்து அதே ஆண்டு 'ரத்தத் திலகம்' வந்தது, கே. வி. மகாதேவன் இசையில்.

எல்லாப் படத்திலும் போர் இசை ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். படத்தொகுப்பு நடக்கும்போது காட்சி வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஏற்கெனவே வந்த படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டி வைப்பார்கள். வாரக்கணக்கில் அதோடு பார்த்துப் பழகிய இயக்குநர் கடைசியில் இசையமைப்பாளரிடம் 'இது மாதிரியே' என்பார். 1998இன் 'தி தின் ரெட் லைன்' படத்துக்கு சிம்மர் எழுதிய, கடிகாரம்போலத் துடித்து மெல்ல ஏறும் இசை இப்படித்தான் நூறு படங்களுக்கும் டிரெய்லர்களுக்கும் மாதிரி ஆனது. அவர் இசையும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை: 'கிளாடியேட்டர்' போர்க்காட்சி, ஹோல்ஸ்ட் 1914இல் எழுதிய 'மார்ஸ்' இசையைப் போல இருக்கிறது என்று ஹோல்ஸ்ட் அறக்கட்டளை 2006இல் வழக்குப் போட்டது. அந்த மார்ஸ் ஐந்து எண்ணிக்கை, நம் கண்ட நடை. அதையும் அணிவகுப்புக்குப் போட்டுவிடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

மைக் செட்காரர்களுக்குப் பிடித்த ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். 1938இல் 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி' படத்துக்கு இசையமைத்த புரோகோஃபியெவ், எதிரிப் படையின் கொம்புகள் காதைக் கிழிக்கவேண்டும் என்று பித்தளை வாத்தியங்களை மைக்குக்கு மிக அருகில் வைத்து வேண்டுமென்றே சிதையவைத்துப் பதிவு செய்தார். கெட்ட ஒலிக்கும் ஓர் இடமுண்டு என்று தெரிந்து செய்தார்.

சண்டைக் காட்சிக்கு எங்கள் பரிந்துரை, இசையே வேண்டாம். 'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தின் கடற்கரைப் போர் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஜான் வில்லியம்ஸ் அதற்கு ஒரு ஸ்வரமும் எழுதவில்லை. உங்கள் மேடையில் ஒரு சைடு டிரம் போதும். துப்பாக்கிச் சத்தத்துக்கு விளிம்போடு சேர்த்து ஒற்றை அடி. வீரர் விழுந்த பிறகு அடியில் இருக்கும் ஸ்னேர் கம்பியின் நெம்புகோலைத் தளர்த்துங்கள். சலசலப்பு போய், மந்தமான அடி கிடைக்கும். மேலே ஒரு கறுப்புத் துணியை மடித்துப் போட்டு நிமிடத்துக்கு 65லிருந்து 70 அடி வைத்தால் ராணுவ இறுதி ஊர்வலத்தின் நடை அதுதான்.

கதைக்கும் எல்லைவரை போகவேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்டதில் எரிந்தது நம் துறைமுகத்துப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகள். அந்த நாடகத்துக்குக் கடலோசையும் ஒரு கப்பல் சங்கும் போதும், எந்தப் படத்திலிருந்தும் இரவல் வாங்கவேண்டாம்.

இந்த ஆகஸ்டுக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஜூலை கடைசிக்குள் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மெட்டு, யார் எழுதியது, எந்தப் படத்தில் எந்தக் காட்சியில் வந்தது, எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எங்கே நிறுத்துவது. மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத மெட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் ஒரு பிரதி மைக் செட் ஆளிடம், ஒரு பிரதி மைமைப் பழக்கும் ஆசிரியரிடம் இருக்கட்டும். விழாவுக்கு முந்தின நாள் அதே போன், அதே கேபிள், அதே ஸ்பீக்கரோடு மைதானத்தில் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். லாஸ்ட் போஸ்ட் வாசிக்க ட்ரம்பெட்காரர் வேண்டுமானால் ஒரு வாரம் முன்னதாக உங்கள் பகுதி பேண்டு செட் கடையில் சொல்லிவையுங்கள். காலை ஒன்பது மணிக்குள் முடியும் வேலை, ஆள் கிடைப்பார்.

இப்படிக்கு,
வடசென்னை பேண்டு வாத்தியக்காரர்களும் மைக் செட் தொழிலாளர்களும்